அரைவீசக் குருதியும் விரல்ரேகைச் சான்றும்: மார்க் ட்வைனின் 'புட்டன்ஹெட் வில்சன்' புதினத்தில் ஆள்மாற்றமும் சமூக அநீதியும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் 'புட்டன்ஹெட் வில்சன்' (1894), அடிமைமுறை நிலவிய மிசூரி மாநிலச் சிற்றூர் ஒன்றில் தொட்டிலிலேயே இடம் மாற்றப்பட்ட இரு குழந்தைகளின் கதையைக் கூறும் அங்கதப் புதினமாகும். கதையின் இறுதியில் விரல்ரேகைச் சான்றினால் ஆள்மாற்றம் வெளிப்படுவதை உண்மையின் வெற்றியாகவும் அதன்வழி நீதியின் வெற்றியாகவும் கொள்வது எளிய வாசிப்பு. இக்கட்டுரை அவ்வாசிப்பை மறுக்கிறது. ஒருவர் யார் என்பதை ஐயமற நிறுவுவதும் அவருக்கு நீதி வழங்குவதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், முன்னது பின்னதற்கு எதிராகவே பயன்படக்கூடும் என்பதையும் இப்புதினம் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். நாயைப் பற்றிய பகடி, பெர்சி டிரிஸ்காலின் 'கருணை', ராக்ஸியின் செயல், டாமின் தீமைக்கான காரணம், நீதிமன்றக் காட்சி, கடன்காரர்களின் வழக்கு ஆகிய பகுதிகள் இந்நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மார்க் ட்வைன், அங்கதப் புதினம், ஆள்மாற்றம், அடிமைமுறை, விரல்ரேகை, இன அடையாளம்.

முன்னுரை

ஆள்மாற்றம் உலகக் கதைமரபில் மிகப் பழைய உத்தி. அரசன் வீட்டுப் பிள்ளை ஆயன் வீட்டில் வளர்வதும், உரிய காலத்தில் அடையாளம் வெளிப்பட்டு உரிய இடம் அடைவதும் பல மொழிக் கதைகளில் காணப்படுபவை. இத்தகைய கதைகள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. ஒவ்வொருவருக்கும் பிறப்பால் அமைந்த ஓர் இடம் உண்டு, இடையில் நேர்ந்த பிழை நீங்கினால் உலகம் ஒழுங்கு பெறும் என்பதே அந்நம்பிக்கை. மார்க் ட்வைன் (1835–1910) இவ்வுத்தியை இருமுறை பெரிய அளவில் கையாண்டார். 1881இல் வெளியான 'இளவரசனும் ஏழையும்' அவற்றுள் முதலாவது. 'சென்சுரி' இதழில் 1893 டிசம்பர் முதல் தொடராக வந்து 1894இல் நூலான 'புட்டன்ஹெட் வில்சன்' இரண்டாவது.

மிசூரி மாநிலத்தில் பிறந்து ஹனிபால் என்னும் ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவர் ட்வைன். அம்மாநிலம் 1821இல் அடிமைமுறையை ஏற்ற மாநிலமாகவே அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. எனவே இப்புதினத்தின் களம் அவர் இளமையில் நேரில் கண்ட உலகம். நீண்ட காலம் அதிகம் பேசப்படாதிருந்த இந்நூல், 1950களில் எஃப். ஆர். லீவிஸ் எழுதிய முன்னுரையாலும், 1959இல் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் மற்றொரு பதிப்புக்கு வழங்கிய முன்னுரையாலும் மறுவாசிப்புக்கு வந்தது. அதன்பின் எழுந்த விவாதங்களில் பெரும்பகுதி, டாம் என்னும் பாத்திரத்தின் தீமை குருதியால் வந்ததா வளர்ப்பால் வந்ததா என்ற வினாவைச் சுற்றியே அமைந்தது. இக்கட்டுரை அவ்வினாவைத் தொட்டு, அதற்கு அப்பாலுள்ள மற்றொரு வினாவுக்குச் செல்கிறது: உண்மை வெளிப்பட்டதால் பயனடைந்தவர் யார்?

கதைப்பின்னல்

மிசிசிப்பி ஆற்றங்கரையில், செயின்ட் லூயிசுக்குத் தெற்கே, டாசன்ஸ் லேண்டிங் என்னும் கற்பனைச் சிற்றூரில் 1830இல் கதை தொடங்குகிறது. பெர்சி டிரிஸ்கால் என்னும் செல்வர் வீட்டில் ஒரே நாளில் இரு ஆண்குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று அவர் மனைவியின் மகன். மற்றொன்று இருபது வயதான ராக்ஸி என்னும் அடிமைப்பெண்ணின் மகன். டிரிஸ்காலின் மனைவி ஒரு வாரத்திற்குள் இறந்துவிட, இரு குழந்தைகளையும் ராக்ஸியே வளர்க்கிறாள். தன் மகன் என்றேனும் விற்கப்படுவான் என்ற அச்சத்தில் இருவரின் ஆடைகளையும் தொட்டில்களையும் மாற்றிவிடுகிறாள். அதன்பின் ராக்ஸியின் மகன் 'டாம் டிரிஸ்கால்' என்னும் எசமானாகவும், டிரிஸ்காலின் மகன் 'சேம்பர்ஸ்' என்னும் அடிமையாகவும் வளர்கின்றனர். இக்கட்டுரையிலும் மாற்றத்திற்குப் பிந்தைய பெயர்களே ஆளப்படுகின்றன.

டாம் சூதாடியாகவும் திருடனாகவும் வளர்ந்து, தன்னைப் பெற்றவளையே விற்று, தன்னை வளர்த்த பெரியப்பாவான நீதிபதி யார்க் டிரிஸ்காலைக் கொல்கிறான். ஊருக்கு வந்திருந்த இத்தாலிய இரட்டையர்கள் லூயிஜி, ஆஞ்சலோ ஆகியோர் மேல் பழி விழுகிறது. அவர்களுக்காக வாதாடும் டேவிட் வில்சன், தான் பல்லாண்டுகளாகக் கண்ணாடித் துண்டுகளில் சேர்த்துவைத்த விரல்ரேகைகளைக் கொண்டு கொலையாளியையும் ஆள்மாற்றத்தையும் ஒருங்கே வெளிப்படுத்துகிறார்.

பாதி நாய்: பகுக்க இயலாததைப் பகுத்தல்

வில்சனுக்குக் 'களிமண்மண்டை' என்ற பொருளில் பட்டப்பெயர் வந்த கதை, புதினம் முழுமைக்கும் திறவுகோலாகும். ஊருக்கு வந்த முதல்நாளே, கண்ணில் படாமல் குரைத்து ஊளையிட்ட நாயொன்றின் தொல்லை தாங்காமல், அந்த நாயில் பாதி தனக்குச் சொந்தமாக இருந்தால் தன் பாதியைக் கொன்றுவிடலாமே என்று வில்சன் வேடிக்கையாகக் கூறுகிறார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. பாதி நாய் செத்தால் மீதிப் பாதி பிழைக்குமா என்று கவலையோடு விவாதித்து, இவன் மூளையற்றவன் என்று முடிவு செய்கின்றனர். இந்த ஒரு சொல்லால் சட்டம் படித்த வில்சனுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கறிஞர் தொழில் இல்லாமல் போகிறது.

உயிருள்ள ஒன்றைப் பாகம் பிரிக்க முடியாது என்று இவ்வளவு தெளிவாக அறிந்த ஊர், மனிதரைப் பாகம் பிரித்தே வாழ்கிறது. ராக்ஸியின் முன்னோருள் பதினாறில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். அவள் மகனுக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் கூறினால் தாய்க்கு ஒரு வீசம், மகனுக்கு அரைவீசம். பதினைந்து வீசத்தையும் வென்று அந்த ஒரு வீசமே அவளை அடிமையாக்குகிறது என்று புதினம் கணக்குக் காட்டுகிறது. தோற்றத்தில் அவள் வெள்ளையரே. முதன்முதலில் அவள் குரலை மட்டும் கேட்கும் வாசகர் கறுப்பினப் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்கிறார். பின்னர் உருவத்தைக் காணும்போது அவ்வெண்ணம் பொய்க்கிறது. பிற்பகுதியில் தோட்டத்திலிருந்து தப்பிவரும் அவள் கறுப்பினத்தவராகத் தோன்றுவதற்கு முகத்தில் கரி பூசிக்கொள்ள நேர்கிறது. கறுப்பு நிறம் அவள் உடலில் இல்லை; சட்டத்தின் ஏட்டில் இருக்கிறது.

இந்த ஏட்டுக்கணக்குக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. பிள்ளை அடிமையா அல்லவா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் இயற்றியது. வெள்ளை எசமானர் அடிமைப்பெண்ணிடம் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையென ஏற்காமல் உடைமையெனக் கொள்வதற்கு இச்சட்டமே வழிவகுத்தது. டாமின் தந்தை, வர்ஜீனியாவின் தொன்மையான குடிகளில் பிறந்த கர்னல் எசெக்ஸ். ஊரார் மதிக்கும் உயர்குடிக் குருதியே டாமின் உடலில் மிகுதி. ஆயினும் தந்தைவழி கணக்கில் வருவதில்லை. புதினம் எழுதப்பட்ட காலத்திலும் இக்கணக்கு முடிந்துவிடவில்லை. எட்டில் ஒரு பங்கு கறுப்பினக் குருதி உடைய ஹோமர் பிளெஸ்ஸி, லூசியானாவில் வெள்ளையர்க்கான தொடர்வண்டிப் பெட்டியில் அமர்ந்ததற்காக 1892இல் கைது செய்யப்பட்டார். இனவாரியாகப் பெட்டிகளைப் பிரித்த சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தபின்னும் வீசக்கணக்கு நீடித்தது என்பதற்கு இதுவே சான்று. 1830ஐப் பற்றி எழுதும் ட்வைன் 1890களின் வாசகரை நோக்கியே பேசுகிறார் எனலாம்.

டிரிஸ்காலின் கருணை

அங்கதம் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம், 1830 செப்டம்பரில் நிகழும் சிறு திருட்டு பற்றிய பகுதி. வீட்டில் சிறுதொகை காணாமல் போகிறது. குற்றவாளி ஒப்புக்கொள்ளாவிடில் நான்கு அடிமைகளையும் 'ஆற்றின் கீழே' விற்றுவிடுவதாக பெர்சி டிரிஸ்கால் மிரட்டுகிறார். ஆற்றின் கீழே என்பது தென்கோடி மாநிலங்களின் பெருந்தோட்டங்களைக் குறிக்கும். மிசூரி அடிமைகளுக்கு அச்சொல் நரகத்திற்கு நிகரானது. ராக்ஸி தவிர மற்ற மூவரும் அக்கணமே குற்றத்தை ஒப்புக்கொண்டு காலில் விழுகின்றனர். மனமிரங்கிய டிரிஸ்கால் அவர்களை உள்ளூரிலேயே விற்பதாக அறிவிக்கிறார். அவர்கள் நன்றிப்பெருக்கில் அவர் கால்களை முத்தமிடுகின்றனர். தம் பெருந்தன்மையைத் தாமே வியந்து, பிற்காலத்தில் தம் மகன் படித்து இரக்கமும் மனிதப்பண்பும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார்.

இக்காட்சியில் டிரிஸ்கால் கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தம் சமூகத்தின் அளவுகோலில் அவர் நல்லவர். அந்த அளவுகோலே அங்கதத்திற்கு இலக்காகிறது. உழைப்பு முழுவதையும் ஊதியமின்றிப் பறித்துக்கொண்டவர், சில காசுகளைத் திருடியவர்களை மன்னிக்கிறார். பறித்தல் இயல்பெனவும் திருட்டு குற்றமெனவும் இருவருமே நம்புகின்றனர். நாட்குறிப்பு பற்றிய செய்தியில் மற்றொரு முரணும் உள்ளது. அதே இரவில் ராக்ஸி குழந்தைகளை மாற்றிவிடுகிறாள். எந்த மகனுக்காக அக்குறிப்பு எழுதப்பட்டதோ அவன் எழுதப்படிக்கத் தெரியாத அடிமையாகவே வளரப்போகிறான். அவன் இடத்தில் வளரும் டாம் அடிமையை விற்கும் பாடத்தை மட்டும் செவ்வனே கற்கிறான்.

ராக்ஸியின் செயல்

டிரிஸ்காலின் கருணையைக் கண்டு மற்றவர்கள் நன்றி கூற, ராக்ஸி ஒருத்தியே அதன் பொருளைப் புரிந்துகொள்கிறாள். இன்று இரங்கியவர் நாளை இரங்காமல் போகலாம். தன் குழந்தையை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். முதலில் குழந்தையோடு ஆற்றில் மூழ்கிவிடத் துணிகிறாள். சாவுக்கென நல்ல உடை உடுத்தி, குழந்தைக்கும் எசமான் பிள்ளையின் உடையை அணிவித்துப் பார்க்கும்போதுதான் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதை உணர்கிறாள். ஆள்மாற்றம் சூழ்ச்சியாகத் தோன்றவில்லை. சாவுக்கான ஒப்பனையில் தற்செயலாகத் தோன்றுகிறது.

தன் செயலுக்கு அவள் தேடும் நியாயமும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் அரசி ஒருத்தியின் குழந்தையும் பணிப்பெண்ணின் குழந்தையும் மாற்றப்பட்டதாகச் சமயப் போதகர் ஒருவர் கூறிய கதையை நினைவுகூர்ந்து, வெள்ளையரே செய்திருப்பதால் இது பாவமாகாது என்று தேறுகிறாள். எதிர்ப்புக்கும்கூட ஆள்பவரிடமிருந்தே இசைவு பெறவேண்டிய நிலை இது. தன் குழந்தைக்கு அவள் தேடிய விடுதலை மற்றொரு குழந்தையின் அடிமைநிலையாக முடிந்தது என்பதைப் புதினம் மறைக்கவில்லை. அடிமைமுறையை அவளால் மாற்ற முடியாது. அதற்குள் இருவரின் இடங்களை மட்டுமே மாற்ற முடியும். ஒருவன் மேலேறினால் ஒருவன் கீழிறங்கியாக வேண்டும் என்பது அவள் வகுத்த விதியன்று. ஆகவே இதனைத் தனிமனிதக் குற்றமாக மட்டும் காண்பது, குற்றத்தின் வேரை விட்டுவிட்டுக் கிளையைத் தண்டிப்பதாகும்.

இச்செயலின் விளைவு முதலில் அவள்மேலேயே விழுகிறது. பிறரை நம்பவைப்பதற்காக மகனிடம் பணிவைப் பயிலத் தொடங்கியவள், நாளடைவில் அப்பணிவே மெய்யாகி, தன் மகனுக்குத் தானே அடிமையாகிறாள். டிரிஸ்கால் மரணப்படுக்கையில் அவளை விடுவிக்கிறார். எட்டாண்டுகள் நீராவிக் கப்பலில் பணிப்பெண்ணாக உழைத்துச் சேர்த்த 400 டாலரும் வங்கி நொடித்ததில் பறிபோகிறது. பின்னர் டாமின் கடனை அடைக்கத் தன்னையே மீண்டும் அடிமையாக விற்குமாறு அவளே முன்வருகிறாள். வடபகுதியில் விற்பதாகக் கூறிய மகன், 600 டாலருக்கு ஆற்றின் கீழே அர்கன்சாஸ் தோட்டத்திற்கு விற்றுவிடுகிறான். எந்தச் சொல்லுக்கு அஞ்சித் தொட்டில்களை மாற்றினாளோ, அந்தச் சொல் அவள் காப்பாற்றிய மகனின் கையாலேயே நிறைவேறுகிறது.

குருதியா, வளர்ப்பா?

டாம் தொடக்கம் முதலே தீய குழந்தை என்று கதைசொல்லி கூறுகிறார். அவன் இரட்டையருள் ஒருவரோடு மோதியபின் இருவர்போருக்கு அழைக்காமல் வழக்காடச் சென்றதை அறிந்த ராக்ஸி, அவனுள் இருக்கும் கறுப்பினப் பங்கே இக்கோழைத்தனத்திற்குக் காரணம் என்று இழித்துரைக்கிறாள். இவ்விடங்களைக் கொண்டு ட்வைன் இனக்கொள்கைக்கு இடங்கொடுத்துவிட்டார் என்று கூறுவோர் உண்டு. ஹெர்ஷல் பார்க்கர் 1984இல் வெளியிட்ட நூலில் வேறொரு வாதத்தை முன்வைத்தார். டாமை ராக்ஸியின் மகனாக ஆக்கும் எண்ணம் தோன்றுவதற்கு முன்பே அவனைப் பற்றிய சில பகுதிகளை ட்வைன் எழுதிவிட்டார். பின்னர் அவற்றை முறையாகத் திருத்தவில்லை. எனவே இப்புதினத்தில் ஒருமையான இனச்சிந்தனையைத் தேடுவது வீண் என்பது அவர் வாதம். ஒட்டிப்பிறந்த இரட்டையரைப் பற்றிய கேலிக்கதையாகத் தொடங்கியதிலிருந்து இத்துயரக்கதையைப் பிரித்தெடுக்க நேர்ந்ததை ட்வைனே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே பார்க்கரின் எச்சரிக்கை புறந்தள்ளத்தக்கதன்று.

ஆயினும் அச்சான நூலில் உள்ள ஒரு பகுதி இவ்வினாவைத் தெளிவாக்குகிறது. தான் ராக்ஸியின் மகன் என்று அறிந்தபின் டாமின் உடலே மாறிவிடுகிறது. தெருவில் வெள்ளையருக்குத் தானாக ஒதுங்கி வழிவிடுகிறான். நண்பர் நீட்டிய கையைப் பற்றத் தயங்குகிறான். தன் இனத்தவர் அல்லாதாரோடு உணவுமேசையில் அமரக் கூசுகிறான். நேற்று அவன் உடலில் ஓடிய குருதியே இன்றும் ஓடுகிறது. இடையில் நுழைந்தது ஒரு செய்தி மட்டுமே. சில நாள்களில் அவன் பழைய செருக்குக்கே திரும்புகிறான். ஏனெனில் ஊருக்கு அச்செய்தி தெரியாது. அடிமையின் ஒடுக்கமும் எசமானின் திமிரும் குருதியில் இல்லை, ஊரார் அளிக்கும் பெயரில் உள்ளன என்பதற்கு இதனினும் தெளிவான சோதனையைக் கதைக்குள் அமைக்க இயலாது. ராக்ஸியின் இழிமொழியையும் இவ்வொளியிலேயே காணவேண்டும். தன்னை ஒடுக்கிய மொழி தவிர வேறு மொழி அவளுக்குத் தரப்படவில்லை. ஒடுக்குமுறை ஒடுக்கப்பட்டவரின் நாவிலும் குடிகொள்வதை ட்வைன் காட்டுகிறார். அதனை அவர் ஏற்கிறார் என்று முடிவுசெய்ய வேண்டியதில்லை.

சேம்பர்ஸ் இதன் மறுபக்கம். பிறப்பால் எசமானாகிய அவன் அடிவாங்கிப் பணிந்து வளர்கிறான். நீரில் மூழ்கவிருந்த டாமைக் காப்பாற்றியதற்குப் பரிசாகக் கத்திக்குத்துப் பெறுகிறான். அவனை ஆற்றின் கீழே விற்கும்படி டாம் தந்தையை நச்சரிப்பதை அறிந்து, நீதிபதி டிரிஸ்கால் தாமே அவனை விலைக்கு வாங்குகிறார். தம்பியின் உண்மையான மகனைப் பெரியப்பாவே பணம் கொடுத்து வாங்கிய அவலத்தைக் கதைசொல்லி ஒருவரிச் செய்தியாகக் கடந்து செல்கிறார். வாசகர் கடக்க முடிவதில்லை.

ரேகையின் இருவகை வாசிப்பு

ரேகை என்ற ஒரே சொல்லால் தமிழில் நாம் குறிக்கும் இரண்டையும் வில்சன் கற்றவர். உள்ளங்கை ரேகையைப் பார்த்து ஒருவரின் இயல்பையும் கடந்த வாழ்வையும் கூறுவார். விரல்நுனி ரேகையைக் கண்ணாடியில் பதித்துச் சேர்ப்பார். முன்னது, மனிதரின் குணம் உடலில் எழுதப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை. பின்னது, இவர் இன்னார் என்பதற்கு மேல் எதையும் கூறாத அடையாளம். இனக்கொள்கை உண்மையில் உள்ளங்கை வாசிப்பின் இனத்தைச் சேர்ந்தது. விரல்நுனியோ அதற்கு இடங்கொடுப்பதில்லை.

ட்வைன் இச்செய்தியை அறிந்துகொண்டது பிரான்சிஸ் கால்டன் 1892இல் வெளியிட்ட விரல்ரேகை பற்றிய நூலிலிருந்து. மரபுவழி மேன்மையைப் போற்றிய 'இனமேம்பாட்டியல்' என்ற கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் கால்டனே. விரல்ரேகையில் இனவேறுபாடு புலப்படும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்த அவர், எந்த இனத்திற்கும் உரிய தனி ரேகை இல்லை என்று அந்நூலிலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆகவே டாமின் ரேகை அவனைக் கறுப்பினத்தவன் என்று காட்டவில்லை. இந்த விரலுக்குரியவன் அந்தத் தொட்டிலில் கிடந்தவன் என்று மட்டுமே காட்டியது. அதிலிருந்து அடிமை என்ற முடிவுக்குப் பாய்ந்தது நீதிமன்றம். அப்பாய்ச்சலுக்கு அறிவியல் பொறுப்பன்று. ஆனால் அறிவியலின் மதிப்பு முழுவதும் அப்பாய்ச்சலுக்குத் துணைநின்றது.

இக்கருவியின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. வில்லியம் ஹெர்ஷல் 1858இல் வங்காளத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவைப் பெற்றதே இத்துறையின் தொடக்கநிலைகளுள் ஒன்று; கால்டனின் ஆய்வுக்கு ஹெர்ஷலின் பதிவுகள் பயன்பட்டன. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் அமைந்தது. குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபின், குற்றம் எதுவும் செய்யாதவர்களும் பிறந்த குலத்தின் பெயரால் ரேகை பதிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மதுரைப் பகுதி மக்களின் பேச்சில் அது 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கியது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. தனிமனிதரைத் துல்லியமாகப் பிரித்தறியும் கருவியே பிறப்பால் ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாக்கும் ஆட்சிக்குக் கைகொடுத்தது. ட்வைனின் நீதிமன்றக் காட்சி தமிழ் வாசகருக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியாக இருக்க முடியாது.

தீர்ப்பு: யாருக்குக் கிடைத்த நீதி?

தீர்ப்புக்குப் பிந்தைய சில பக்கங்களிலேயே புதினத்தின் முழுக்கசப்பும் திரண்டிருக்கிறது. டாம் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாழ்நாள் சிறைத்தண்டனை பெறுகிறான். அப்போது பெர்சி டிரிஸ்காலின் கடன்காரர்கள் முன்வருகின்றனர். அவருடைய சொத்திலிருந்து அவர்களுக்குக் கடனில் 60 விழுக்காடே கிடைத்திருந்தது. டாம் அச்சொத்தின் ஒரு பகுதி. அன்றே சொத்துப்பட்டியலில் சேர்த்திருந்தால் அவனை விற்றிருக்கலாம். விற்றிருந்தால் அவன் நீதிபதியைக் கொன்றிருக்க முடியாது. ஆகவே கொலைக்குப் பொறுப்பு அவனன்று, பிழையான பட்டியலே என்று அவர்கள் வாதிடுகின்றனர். ஊரார் அனைவருக்கும் இது நியாயமாகப் படுகிறது. சுதந்திர வெள்ளையன் என்றால் தண்டிக்கலாம். விலைமதிப்புள்ள அடிமையைச் சிறையில் அடைப்பது வீண்செலவு. ஆளுநர் மன்னிப்பு வழங்குகிறார். கடன்காரர்கள் அவனை ஆற்றின் கீழே விற்கின்றனர்.

நாயைப் பாகம் பிரிக்கும் வேடிக்கையைப் புரிந்துகொள்ளாத ஊர், மனிதனைக் கடன்பாக்கியாகப் பிரித்துக்கொள்வதைத் தெளிவாகப் புரிந்துகொள்கிறது. கொல்லப்பட்ட நீதிபதிக்காகக் கொலையாளி தண்டிக்கப்படவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் பெர்சியின் கருணையைப் போலவே விற்பனைக்கு மறுபெயராகிறது. இவ்வாறு புதினத்தின் முதற்பகுதியும் இறுதியும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன.

உரிமை மீண்ட சேம்பர்ஸின் நிலை இதனினும் துயரமானது. அவன் இப்போது செல்வன், சுதந்திரன். ஆனால் எழுதப்படிக்கத் தெரியாது. பேச்சும் நடையும் அடிமைக் குடியிருப்பிற்குரியவை. வெள்ளையரின் கூடத்தில் அவனுக்கு நடுக்கம். அமைதி தந்த அடுக்களையோ இனி அவனுக்கு அடைக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பதை மிசூரி மாநிலம் 1847இல் சட்டத்தாலேயே தடைசெய்தது என்பதை இங்கு நினைவுகூரலாம். இருபத்துமூன்று ஆண்டுகள் பறிக்கப்பட்டவற்றை ஒரு தீர்ப்பால் மீட்டுத்தர முடியவில்லை. தன்னை வளர்த்த ராக்ஸிக்கு, டாம் அளித்துவந்த மாதம் 35 டாலரைத் தொடர்ந்து அளிக்கிறான் சேம்பர்ஸ். பணம் ஆற்றக்கூடிய காயம் அவளுடையது அன்று.

வென்றவர் வில்சன் ஒருவரே. இருபதாண்டுகள் ஊரின் ஏளனத்துக்கு ஆளாகி, கசப்பான முதுமொழிகளைத் தம் நாட்காட்டியில் எழுதிவந்த தன்சிந்தனையாளர் அவர். ஊரின் மடமையை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. ஆயினும் நீதிமன்றத்தில் டாமை நோக்கி அடிமை என்று முழங்கும்போது அவர் குரலில் தயக்கம் இல்லை. இரு அப்பாவிகளைத் தூக்கிலிருந்து காப்பாற்றியது அவர் கடமை. அதற்குக் கொலையாளி யார் என்பதை நிறுவுவதே போதுமானது. தொட்டில் மாற்றத்தையும் வெளிப்படுத்தியதன் மூலம் ஊரின் பிறப்புக்கணக்கை அவர் தம் அறிவால் உறுதிப்படுத்தினார். ஊர் அவரைக் கொண்டாடுவது அவர் அறிவாளி என்று கண்டதனால் மட்டுமன்று. அவர் அறிவு தங்களுக்குப் பயன்படுகிறது என்று கண்டதனாலும் ஆகும்.

இளவரசனிலிருந்து அடிமைவரை

'இளவரசனும் ஏழையும்' புதினத்திலும் இடம்மாற்றம் உண்டு. ஆனால் அங்கே இருவரும் தாம் யார் என்பதை அறிவர். அரச முத்திரை வைத்த இடம் நினைவுக்கு வந்ததும் இளவரசன் அரியணை ஏறுகிறான். ஏழையாக அலைந்தபோது கண்ட துன்பங்கள் அவனை நல்லரசனாக்குகின்றன. ஏழையும் மதிப்புப் பெறுகிறான். அடையாளம் மீள்வதும் நீதி மீள்வதும் அங்கே ஒன்றாக நிகழ்கின்றன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே உத்தியைக் கையாளும்போது ட்வைன் அவ்விரண்டையும் பிரித்துவிடுகிறார். சேம்பர்ஸ் பட்ட துன்பம் அவனை நல்ல எசமானாக்கவில்லை, எங்கும் பொருந்தாதவனாக்கியது. பிறப்பிடம் திரும்பினால் ஒழுங்கு திரும்பும் என்ற கதைமரபின் பழைய உறுதிமொழி இங்கு முறிகிறது. அந்த ஒழுங்கே அநீதியாக இருக்கையில் அதனை மீட்பது எங்ஙனம் நன்மையாகும்?

முடிவுரை

'புட்டன்ஹெட் வில்சன்' அமைப்பில் குறைகள் உள்ள புதினம். இரட்டையரின் பகுதிகள் மையக்கதையோடு முழுமையாக ஒட்டவில்லை. டாமின் தீமையைப் பற்றிய கதைசொல்லியின் கூற்றுகளில் தெளிவின்மை உண்டு. இக்குறைகளை ஏற்றுக்கொண்ட பின்னும், அடையாளத்திற்கும் நீதிக்கும் இடையிலான பிளவை இப்புதினம் ஆழமாகக் காட்டியிருக்கிறது என்பது இவ்வாய்வின் முடிபாகும். ரேகை பொய் சொல்லவில்லை, சாட்சியம் திரிக்கப்படவில்லை, வழக்கறிஞர் திறமையானவர், நீதிமன்றம் முறைப்படி நடந்தது. எல்லாம் சரியாக நடந்ததன் விளைவாகவே ஒரு மனிதன் விற்கப்பட்டான்.

நாயின் பாதியைக் கேட்டுச் சிரிக்கத் தெரியாத ஊர் என்று தொடக்கத்தில் நாம் டாசன்ஸ் லேண்டிங்கைப் பார்த்து நகைக்கிறோம். வில்சன் ரேகையைக் காட்டி வெல்லும் இடத்தில் அந்த ஊரோடு சேர்ந்து நாமும் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலில் ராக்ஸி மண்டியிட்டு விழுவது நம் செவிக்கு எட்டுவதில்லை. வாசகரையும் ஊராரில் ஒருவராக்கிவிட்டு, அதன்பின் கடன்காரர்களை உள்ளே அனுப்புவதே இப்புதினத்தின் அங்கதம். தன் குழந்தை ஏன் விற்கப்பட வேண்டும் என்று 1830இல் ராக்ஸி எழுப்பிய வினாவுக்கு எந்த ரேகையும் விடை தரவில்லை; அவ்வினாவை நீதிமன்றம் கேட்கவும் இல்லை.